பெயர் நமது; ஏலம் எவரது?

(கோவில்பட்டியில் சிறுதொழில் நடத்துவோரும் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலைமிட்டாயாலும் தீப்பெட்டியாலும் பெயர்பெற்ற இந்த ஊரிலே நின்றுகொண்டு, கடலை விலையைப் பற்றிப் பேசாமல், தீக்குச்சி விலையைப் பற்றிப் பேசாமல், இணையத்திலே ஒன்றைத் தேடுகிறவர் கண்முன்னே விளம்பரம் எவ்வாறு வந்து நிற்கிறது என்பதைப் பற்றிப் பேச இருக்கிறேன். "நாம் பாகு காய்ச்சுகிறவர்கள், பெட்டி ஒட்டுகிறவர்கள். நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று உங்களிலே சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. அந்த உறவைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

ஒரு காலத்திலே நமது மிட்டாயை வாங்க வேண்டும் என்றால், இந்த ஊரின் பேருந்து நிலையத்திலோ இரயிலடியிலோ இறங்கி வாங்க வேண்டும். இன்றைக்குச் சென்னையிலே இருப்பவரும், சிங்கப்பூரிலே இருப்பவரும் கைப்பேசியை எடுத்து, "கோவில்பட்டி கடலைமிட்டாய்" என்று எழுதித் தேடுகிறார்கள். அவர் எழுதி முடிப்பதற்கும் விடை வருவதற்கும் இடையே, கண்ணிமைக்கும் நேரந்தான். அந்த நேரத்துக்குள்ளே ஒரு வியாபாரம் நடந்து முடிந்துவிடுகிறது. விற்கப்பட்டது மிட்டாய் அல்ல. மிட்டாய் பிறகு விற்கலாம், விற்காமலும் போகலாம். விற்கப்பட்டது, அவர் எழுதிய அந்தச் சொல்லின் அருகிலே நிற்கும் உரிமை. அது ஏலத்தில் விற்கப்படுகிறது. ஏலம் கேட்பவர் யார், ஏலம் கூறுபவர் யார், தராசு யார் கையில் இருக்கிறது என்பவற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

முதலிலே, தேடல் பக்கம் என்பது என்ன என்று பார்ப்போம். தேடுபொறி நமக்குக் காட்டுகிற விடைகள் இருவகை. ஒருவகை, "நீ கேட்டதற்கு இவை பொருத்தமானவை" என்று அந்தப் பொறி தானே வரிசைப்படுத்தித் தருபவை. இன்னொரு வகை, பணம் கொடுத்தவர்கள் வைத்த விளம்பரங்கள். பணம் கொடுத்த விடைகள் பெரும்பாலும் மேலே நிற்கும். விளம்பரம் என்பதற்கான ஓர் அடையாளமும் அவற்றின் மேல் இருக்கும். அந்த அடையாளத்தைப் படிப்பவர் உண்டு. படியாமலே தொடுபவரும் உண்டு.

இந்த முறை எப்போது பிறந்தது? 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, கோட்டூ என்னும் நிறுவனம் இதைத் தொடங்கி வைத்தது. ஒரு சொல்லுக்கு யார் அதிக விலை கேட்கிறாரோ அவருடைய விளம்பரம் மேலே. வாடிக்கையாளர் அந்த விளம்பரத்தைத் தொட்டால்தான் காசு. அதே 1998ஆம் ஆண்டிலே, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் என்னும் இருவர் தங்களது தேடுபொறியைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார்கள். விளம்பரப் பணத்தில் வாழும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், மக்களின் தேவையிலிருந்து விலகும் என்று அதிலே எச்சரித்தார்கள். அவர்கள் நிறுவியதுதான் கூகுள். இரண்டே ஆண்டுகள் சென்றன. 2000ஆம் ஆண்டு அக்டோபரிலே, 350 விளம்பரதாரர்களோடு கூகுள் தன்னுடைய விளம்பரக் கடையைத் திறந்தது. 2002ஆம் ஆண்டிலே, தொட்டால் காசு என்னும் ஏல முறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டிலே தமிழும் அந்த விளம்பரக் கடையின் மொழிகளுள் ஒன்றாயிற்று.

கடை சிறிய கடையன்று, தோழர்களே! 2024ஆம் ஆண்டிலே அதன் தாய் நிறுவனமாகிய ஆல்பபெட்டுக்கு வந்த வருமானம் ஏறத்தாழ 35,000 கோடி டாலர். அதிலே தேடல் விளம்பரமும் அதைச் சார்ந்தவையும் ஈட்டியது மட்டும் ஏறத்தாழ 19,800 கோடி டாலர். உலகத்தார் தட்டச்சு செய்கிற சொற்களின் அருகே இடம் விற்றுச் சேர்ந்த செல்வம் இது.

இனி, ஏலம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஏலம் என்றால், அதிக விலை கேட்டவருக்குப் பொருள் என்பது நாம் அறிந்த வழக்கம். இங்கே அப்படி அன்று. கேட்ட விலையோடு, அந்த விளம்பரத்தின் "தரம்" என்று ஒரு மதிப்பெண்ணையும் பெருக்கிப் பார்க்கிறார்கள். இந்த விளம்பரத்தைத் தேடுகிறவர் தொடுவாரா, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் உண்டா, தொட்டபின் திறக்கும் பக்கம் பயனுள்ளதா என்பனவற்றைக் கொண்டு அந்த மதிப்பெண் அமைகிறது.

எடுத்துக்காட்டாக மூன்று வியாபாரிகளை வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஒரு தொடுகைக்கு 10 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அவருக்குத் தர மதிப்பெண் 3. பெருக்கினால் 30. இரண்டாமவர் 6 ரூபாய் சொல்கிறார், மதிப்பெண் 6. பெருக்கினால் 36. மூன்றாமவர் 4 ரூபாய் சொல்கிறார்; மதிப்பெண் 6. பெருக்கினால் 24. ஆகவே 6 ரூபாய்க்காரர் முதலிடம் பெறுகிறார். 10 ரூபாய்க்காரர் இரண்டாமிடம். தருகிற காசோ, தமக்கு அடுத்த நிலையில் இருப்பவரை வெல்லப் போதுமான அளவு. முதலிடத்தில் நிற்பவர் 30ஐத் தாண்ட வேண்டும். 30ஐ அவருடைய மதிப்பெண்ணாகிய 6ஆல் வகுத்தால் 5 ரூபாய். அதற்குச் சற்று மேல் கொடுத்தால் போதும். இரண்டாமிடத்தவர் 24ஐத் தாண்ட வேண்டும். 24ஐ 3ஆல் வகுத்தால் 8 ரூபாய். மேலே நிற்பவர் தருவது 5. கீழே நிற்பவர் தருவது 8!

முழுக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. எனினும் அடிப்படை இதுதான். இதிலே ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. வெறும் பணமூட்டைக்காரன், பொருந்தாத விளம்பரத்தை எல்லாச் சொல்லிலும் திணிக்க முடியாமல் இது தடுக்கிறது. பொருத்தமான பொருள் வைத்திருக்கும் சிறியவர், குறைந்த விலை கேட்டும் முன்னே வர வழி தருகிறது. ஆனால் இன்னொன்றையும் காணுங்கள். இந்த ஏலத்திலே முடிவு செய்வது நீங்கள் கேட்ட விலை மட்டும் அன்று. மதிப்பெண் என்னும் படிக்கல். அந்தப் படிக்கல்லைச் செய்தவர் யார்? ஏலக்காரர். அதைத் தராசிலே வைப்பவர் யார்? ஏலக்காரர். ஒவ்வோர் ஏலத்திலும் அதன் எடை எவ்வளவு என்று முழுதும் அறிந்தவர் யார்? அவரேதான்.

அடுத்தது, சொல்லைப் பொருத்துகிற வேலை. விளம்பரம் செய்பவர் தாம் விரும்பும் சொற்களைக் குறித்துக் கொடுக்கிறார். அவற்றைப் பொருத்துவதிலே மூன்று முறைகள் உண்டு. ஒன்று, தேடியதும் குறித்ததும் சரியாக ஒத்திருந்தால் மட்டும் காட்டுவது. இரண்டு, குறித்த தொடரின் கருத்து தேடலுக்குள்ளே இருந்தால் காட்டுவது. மூன்று, தொடர்புடையது என்று பொறி கருதும் எதற்கும் காட்டுவது.

கடலைமிட்டாய் விற்பவர் ஒருவர், மூன்றாவது முறையிலே "கடலைமிட்டாய்" என்று குறித்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கடலைமிட்டாய் வாங்க வந்தவருக்கும் விளம்பரம் போகலாம். வீட்டிலே கடலைமிட்டாய் செய்வது எப்படி என்று கேட்ட இல்லத்தரசிக்கும் போகலாம். நிலக்கடலை இன்றைக்கு மூட்டை என்ன விலை என்று கேட்ட சம்சாரிக்கும் போகலாம். மூவரும் தொட்டால், மூவருக்கும் காசு! வாங்குகிறவர் ஒருவர், கூலி மூவருக்கு. "இந்தச் சொற்கள் வந்தால் காட்டாதே" என்று விலக்குப் பட்டியல் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் பாகின் பதம் பார்ப்பவருக்கு அந்தப் பட்டியலின் பதம் பார்க்க நேரம் ஏது?

நமது ஊரிலே தீப்பெட்டித் தொழிற்சாலையை "மேட்ச் ஒர்க்ஸ்" என்றுதான் சொல்கிறோம். ஆக்கி ஆட்டத்துக்கும் இந்த ஊர் பெயர்பெற்றது. அங்கே மேட்ச் என்றால் ஆட்டப்போட்டி. பிள்ளைக்குப் பெண் பார்க்கும் வீட்டிலே மேட்ச் என்றால் வரன் பொருத்தம். நமக்கு இடமறிந்து பொருள் புரிகிறது. பொறி ஊகிக்கிறது. ஊகம் சரியானால் ஏலக்காரருக்கு இலாபம். ஊகம் தவறி, வேறெதையோ தேடியவர் தொட்டுவிட்டாலும் ஏலக்காரருக்குக் காசுதான். ஊகத்தின் நட்டம் விளம்பரம் செய்தவர் தலையிலே!

"அப்படியானால் முதல் முறையையே வைத்துக்கொள்ளலாமே, சரியாக ஒத்திருந்தால் மட்டும் காட்டு என்று சொல்லிவிடலாமே" என்று கேட்பீர்கள். அங்கேதான் பிடி நழுவுகிறது. 2014ஆம் ஆண்டிலே, எழுத்துப் பிழையும் ஒருமை பன்மை வேறுபாடும் "ஒத்தவையே" என்று கூகுள் வைத்தது. வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளும் வழியையும் எடுத்துவிட்டது. 2018ஆம் ஆண்டிலே, ஒரே பொருள் தரும் வேறு சொற்களும் "ஒத்தவையே" ஆயின. "சரியாக ஒத்தது" என்ற பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது; எது ஒத்தது என்று சொல்லும் அதிகாரம் பலகை மாட்டியவரிடம் இருக்கிறது.

இனி வழக்குமன்றத்துக்கு வருவோம். சற்றுமுன் வரன் பொருத்தம் என்றேன் அல்லவா? இந்தியாவிலே இந்தச் சொல் ஏலத்தைப் பற்றி நடந்த முக்கியமான வழக்குகளுள் ஒன்று, வரன் பொருத்தத்தால் வந்ததுதான். அதுவும் நமது சென்னை உயர்நீதிமன்றத்திலே. பாரத் மேட்ரிமோனி என்னும் திருமணத் தகவல் தளத்தை நடத்திய கன்சிம் இன்போ நிறுவனம், கூகுள் இந்தியா மீதும் போட்டித் தளங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. "பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி என்னும் எங்கள் பெயர்களை எழுதித் தேடினால், அருகே போட்டியாளரின் விளம்பரம் வருகிறது. எங்கள் பெயரை வைத்து அவர்கள் ஆள் பிடிக்கிறார்கள்" என்பது முறையீடு. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் அவர்கள் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். தமிழ் என்பதும் மேட்ரிமோனி என்பதும் பொதுச் சொற்கள். தம்முடைய தொழிலை விளக்கும் பொதுச் சொற்களை மற்றவரும் ஆள உரிமை உண்டு என்பது அதன் சாரம்.

பிறகு, அதே நிறுவனமும் நுகர்வோர் அமைப்பொன்றும் 2012ஆம் ஆண்டிலே இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் சென்றன. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியிலே, தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஆனால் சொல் ஏலத்தைப் பற்றிய குற்றச்சாட்டிலே சட்டமீறல் எதையும் ஆணையம் காணவில்லை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், டில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் அகர்வால் பேக்கர்ஸ் நிறுவனத்தின் வழக்கு அது. பிறருடைய வணிகப் பெயரை ஏலச் சொல்லாக வைப்பதும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதே என்றது தீர்ப்பு. கூகுள் வெறும் பார்வையாளர் அன்று, அந்தப் பயன்பாட்டிலே பங்குகொள்பவர் என்றும் கூறிற்று. அதே தீர்ப்பு, அப்படிப் பயன்படுத்துவதே குற்றம் ஆகிவிடாது, வாங்குபவரைக் குழப்பினால்தான் குற்றம் என்றும் வரையறுத்தது.

தோழர்களே, இதன் கருத்து என்ன? நமது தீப்பெட்டித் தொழிலிலே லேபிள்தான் உயிர். ஒருவருடைய லேபிளைப் போலவே இன்னொருவர் அச்சடித்தால், இரண்டையும் மேசைமேல் வைத்து, "பாருங்கள், கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கிறது" என்று காட்டலாம். சொல் ஏலத்திலே காட்டுவதற்கு லேபிள் இல்லை. விளம்பரத்தின் முகத்திலே உங்கள் பெயர் இராது. திரைக்குப் பின்னாலே, எந்தச் சொல்லை எழுதினால் இது வரவேண்டும் என்னும் பட்டியலிலே உங்கள் பெயர் இருக்கும். பெயரைத் திருடியதாகத் தோன்றாது. பெயரைத் தேடி வந்தவர் மட்டும் வேறு கடைக்குத் திரும்பிவிடுவார்.

இப்போது நமது பெயருக்கு வருகிறேன். சென்னை வழக்கிலே சொன்ன நியாயத்தை நமக்கும் பொருத்திப் பார்ப்போம். கடலைமிட்டாய் என்பது பொதுச் சொல். அதை யாரும் சொல்லலாம், யாரும் செய்யலாம். அதை நமக்கே உரியது என்று நாம் கேட்கவில்லை. கோவில்பட்டி என்பது ஊர்ப் பெயர். ஆனால் இரண்டும் சேர்ந்து "கோவில்பட்டி கடலைமிட்டாய்" என்று ஆகும்போது, அது வேறொன்றாகிறது. கரிசல் மண்ணின் மானாவாரிக் கடலை, வெல்லப்பாகு, அந்தப் பாகை எந்தக் கணத்தில் இறக்க வேண்டும் என்று அறிந்த கை, ஆகிய எல்லாவற்றின் பெயராகிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலே அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் அந்தப் பெயரை எந்த ஒரு முதலாளிக்கும் தரவில்லை. செய்கிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாக வைத்தது.

அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். பதிவு பெற்ற புவிசார் குறியீட்டின் உரிமையைப் பிறருக்கு மாற்றித் தர முடியாது. உரிமம் கொடுத்து வாடகைக்கு விட முடியாது. அடகு வைக்க முடியாது. கடன் தொல்லை கழுத்தை நெரித்தாலும், கோவில்பட்டியின் மிட்டாய்க்காரர் தமது பெயரை அடகு வைத்து ஒரு காசு வாங்க முடியாது. ஏன்? அது ஒருவருடைய சொத்தன்று. ஊரின் சொத்து, வருங்காலத்தின் சொத்து என்று சட்டம் கருதுகிறது. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் கேட்கிறேன்: செய்கிறவனே விற்க முடியாத பெயரை, அடகு வைக்க முடியாத பெயரை, அதன் அருகிலே நிற்கும் இடத்தை ஏலம் போட்டு, இந்த மண்ணிலே ஒரு கடலைச் செடியும் நடாத ஒருவர் நாள்தோறும் காசாக்கலாம் என்றால், அந்தச் சட்டத்தின் காவல் எங்கே போயிற்று? "நாங்கள் பெயரை விற்கவில்லை, பெயருக்கு அருகிலுள்ள இடத்தைத்தான் விற்கிறோம்" என்று ஏலக்காரர் விடை சொல்லலாம். பெயர் இல்லையானால் அந்த இடத்துக்கு விலை ஏது? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதானே இது?

இடைசெவலிலே பிறந்த கி. ராஜநாராயணன் அவர்கள், கரிசல் மக்கள் வாயிலே வழங்கிய சொற்களைத் தேடித் தேடித் தொகுத்து, 1982ஆம் ஆண்டிலே ஓர் அகராதியாகவே தந்தார். அந்தச் சொற்களை ஆக்கியவர்கள் ஏர் பிடித்தவர்களும் களை எடுத்தவர்களும். அவர்கள் சொல்லுக்கு விலை கேட்டதில்லை. மக்கள் ஆக்கிய சொல்லுக்கு இன்றைக்கு விலை உண்டு. ஆனால் ஆக்கியவனும் அதன் பக்கத்திலே நிற்கக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. இதுதான் நான் உங்கள் முன் வைக்கும் குறை.

இந்தச் செலவு யார் மடியிலிருந்து போகிறது? ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு தொடுகைக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் தொட்டார்கள். செலவு 500 ரூபாய். அவர்களிலே 5 பேர் வாங்கினார்கள் என்றால், ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர 100 ரூபாய். ஒரு பொட்டலத்திலே 100 ரூபாய் இலாபம் யாருக்கு வருகிறது? வராதபோது என்ன செய்வார்? விலையை ஏற்றுவார், வாங்குபவர் தருவார். ஏற்ற முடியாவிட்டால் கடலையின் விலையைக் குறைத்துக் கேட்பார், சம்சாரி தருவார். அதுவும் முடியாவிட்டால் பொட்டலம் கட்டும் பெண்ணின் கூலியிலே கை வைப்பார். ஏலம் நடக்கும் இடம் கலிபோர்னியா. ஏலத்தொகை போகும் மடி இங்கேயுள்ளது!

"பிடிக்காவிட்டால் விளம்பரம் செய்யாமல் இருக்கலாமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடையாக அமெரிக்க நீதிமன்றத்தையே காட்டுகிறேன். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், நீதிபதி அமித் மேத்தா, தேடலிலும் தேடல் விளம்பரத்திலும் கூகுள் தனியுரிமையைச் சட்டத்துக்கு மாறாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். அமெரிக்காவிலே தேடலில் ஏறத்தாழ 90 சதவிகிதம் அதன் கையில். அந்த வழக்கு விசாரணையில், 2023ஆம் ஆண்டிலே கூகுளின் விளம்பரப் பிரிவின் உயர் அதிகாரி ஒருவரே சாட்சியம் சொன்னார்: ஏல முறையை மாற்றி விலையை 5 சதவிகிதம் வரை உயர்த்தியதுண்டு, சில தேடல்களுக்கு 10 சதவிகிதமும் ஆகியிருக்கலாம், அதைப் பொதுவாக விளம்பரதாரரிடம் சொல்வதில்லை என்று. ஏலம் என்றால் கேட்பவர்தான் விலையை ஏற்றுவார். ஏலம் கூறுபவரே விலையை ஏற்றுகிற ஏலத்தை நீங்கள் எந்தச் சந்தையிலே கண்டீர்கள்?

2025ஆம் ஆண்டு செப்டம்பரிலே அதே நீதிபதி பரிகாரத்தை அறிவித்தார். ஏல முறையில் முக்கியமான மாறுதல் செய்தால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றார். "சரியாக ஒத்த சொல்லுக்கு மட்டும்" என்னும் பழைய வழியைத் திரும்பக் கொடு என்று கட்டளையிட மட்டும் மறுத்துவிட்டார். பாதிக் கதவு திறந்தது. பாதிக் கதவு மூடியே இருக்கிறது.

நமது டில்லி அரசாங்கம் என்ன செய்தது? 2016ஆம் ஆண்டிலே, வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் இணைய விளம்பரப் பணத்தின்மீது 6 சதவிகிதச் சமன்பாட்டு வரி விதித்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அதையும் எடுத்துவிட்டது. வரி போயிற்று, ஆனால் வரியோடு வரவேண்டிய ஒழுங்குமுறை வரவே இல்லை.

ஒழுங்குமுறை முடியுமா என்று ஐயப்படுவோருக்கு, இந்தக் கரிசல் பூமியின் கதையையே சொல்கிறேன். ஒரு காலத்திலே, வெடித்த பருத்தியை எடுத்து, வண்டியேற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்த சம்சாரியின் நிலை என்ன? தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். பேசிய விலை சம்சாரிக்குத் தெரியாது. தராசு வியாபாரியினுடையது, படிக்கல்லும் அவருடையது. தரகு என்றும், மகமை என்றும், கழிவு என்றும் பிடித்தது போக மிஞ்சியதுதான் மடிக்கு வரும். "இது சந்தையின் வழக்கம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள்.

1928ஆம் ஆண்டிலே வேளாண்மை ராயல் கமிஷன், ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1933ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. எடை போடுபவருக்கு உரிமம், தரகுக்கு வரம்பு, ஏலம் வெளிப்படை, விளைவிப்போர் பிரதிநிதிகளும் அமரும் சந்தைக் குழு. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் எல்லாம் அந்த மரபிலே வந்தவை. எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் துண்டுக்குள்ளே நடந்த பேரத்தைத் துண்டை எடுத்து வெளியே காட்டச் சட்டத்தால் முடிந்தது. பருத்திக்கு முடிந்தது, சொல்லுக்கு முடியாதா?

நாம் கேட்பவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஒன்று: பதிவு பெற்ற புவிசார் குறியீட்டுப் பெயர்களை, அந்தப் பெயருக்கு உரிமையுள்ள உற்பத்தியாளர் தவிர வேறெவரும் ஏலச் சொல்லாக வைக்கலாகாது என்று சட்டத்திலே திருத்தம் வேண்டும். பொதுச் சொல்லுக்கு அன்று. பதிவு பெற்ற பெயருக்கு மட்டும். இரண்டு: ஏலத்திலே விலையும் தர மதிப்பெண்ணும் எப்படிச் சேர்ந்தன, ஏன் இந்தத் தொகை என்று, காசு கட்டியவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மூன்று: "சரியாக ஒத்தது" என்றால் சரியாக ஒத்தது என்றே பொருள்பட வேண்டும், விரித்துக்கொள்வதும் சுருக்கிக்கொள்வதும் விளம்பரம் செய்பவர் விருப்பமாக இருக்க வேண்டும். நான்கு: விளம்பரம் விளம்பரமாகவே தெரிய வேண்டும், எழுத்தறிந்த பாட்டி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் அறியும் அளவுக்குத் தமிழிலே தெரிய வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது அது. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரே பெயரின்மீது இந்த ஊரின் பத்துப் பேர் தனித்தனியே ஏலம் கேட்டால், ஒருவர் விலையை மற்றவர் ஏற்றுகிறோம். ஏறிய விலை ஊருக்கு வருவதில்லை. பத்துப் பேரும் பொதுவாக ஒரு தளம் வைத்து, ஊரின் பெயரால் ஒரே விளம்பரம் செய்து, வந்த வேண்டுகையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டால், அந்தச் செலவு பத்திலொன்றாகும் வழி பிறக்கும். பெயரைப் பொதுவாக்கிச் சட்டம் கொடுத்தது. பெயரைப் பொதுவாக ஆளும் பழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். வெளியூரிலே இருக்கும் நமது பிள்ளைகளுக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்: தேடும்போது மேலே நிற்பதையே தொடாமல், விளம்பரமா என்று பார்த்து, ஊரின் முகவரி பார்த்து, புவிசார் குறியீட்டு முத்திரை பார்த்து வாங்கட்டும்.

நான் இணையத்துக்குப் பகைவன் அல்ல. நூறு ரூபாய் கையில் உள்ள சிறு உற்பத்தியாளரையும் கடல்கடந்த வாடிக்கையாளர் கண்முன் நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. பெரிய முதலாளிகள் மட்டுமே பக்கம் பிடித்த பழைய விளம்பர உலகத்திலே அது இயலாதது. வாசல் திறந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. வாசலிலே அமர்ந்திருப்பவர் தராசை மறைத்து வைத்திருக்கிறார் என்பதைத்தான் சொல்கிறேன். சந்தை வேண்டாம் என்பதல்ல நமது பேச்சு. சந்தைக்குச் சட்டம் வேண்டும் என்பது நமது பேச்சு. பருத்தி மூட்டைக்கு அதைப் பெற்றுத் தந்தவர்கள் நமது முன்னோர். நமது பெயருக்கு அதைப் பெறுவது நமது கடமை.